படம் நீலமாக வருகிறதா? லேசர் பெட்டியின் திருகைத் தொடும் முன்

கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு கருநீலமாகிவிட்டது. காலையில் அடித்த படத்தில் அதே கோட்டு கறுப்பாகத்தான் இருந்தது. யாங்கோனில் மினிலேப் என்னும் போட்டோ அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித் தொடங்கும். அழைப்பவர் தீர்ப்பையும் கையோடு சொல்லிவிடுவார்: "தம்பி, லேசர் போய்விட்டது. புதிது என்ன விலை இருக்கும்?"

பல தடவை லேசர் போயிருக்காது. லேசரின் காலடியில் பிஸ்கட் அளவுக்கு ஒரு பீங்கான் தகடு இருக்கிறது. அதன் சூடு வெளியேற வழியில்லாமல் போயிருக்கும். அதைப் பார்க்காமல் பெட்டியைத் திறந்து, கண்ணாடிகளைத் துடைத்து, நன்றாக இருந்த லேசரையும் கெடுத்தவர்களின் இயந்திரங்கள் சில இன்னும் என் பட்டறை மூலையில் கிடக்கின்றன.

இது லேசரால் போட்டோ காகிதத்தில் படம் எழுதும் இயந்திரங்களுக்கானது. மை தெளிக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இங்கே வேலையில்லை. கடையில் சாதாரண லேசர் பிரிண்டர் மட்டும் வைத்திருப்பவர்கள் கோடுகள் பற்றிய பகுதியைப் படித்தால் போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். இந்த இயந்திரங்களில் பச்சையும் நீலமும் பிறப்பது 808 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரிலிருந்து. அது கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் கண் தானாக மூடிக்கொள்ளவும் செய்யாது. மூடியைத் திறந்தால் மின்சாரத்தை வெட்டும் பாதுகாப்பு சுவிட்சில் தீக்குச்சியைச் செருகி வைத்து வேலை பார்க்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். கீழே சொல்லும் சோதனைகள் எதற்கும் லேசர் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை.

படம் முழுவதும் ஒரே நிறத்தின் பக்கம் சாய்கிறது

போட்டோ காகிதம் தலைகீழாக வேலை செய்யும். நீல ஒளி பட்ட இடத்தில் மஞ்சள் சாயம் உண்டாகும், பச்சை ஒளிக்கு மெஜந்தா, சிவப்பு ஒளிக்குச் சியான். நீல லேசர் வலுவிழந்தால் மஞ்சள் குறையும். மஞ்சள் குறைந்த படம் நீலமாகத் தெரியும். ஆகவே படம் எந்த நிறத்துக்குச் சாய்கிறதோ அந்த லேசர்தான் சோர்ந்திருக்கிறது. நீலம் அதிகமாகத் தெரிவதால் நீல லேசர் மிஞ்சிவிட்டது என்று எண்ணி அதைக் குறைப்பவர்கள் நேர் எதிர்த்திசையில் போகிறார்கள்.

படத்தின் வெள்ளைப் பகுதியே மஞ்சளடித்தால் லேசரை விட்டுவிடுங்கள். காகிதம் பழையது, அல்லது கெமிக்கல் கெட்டுவிட்டது.

அடுத்து நேரத்தைப் பாருங்கள். ஒரே சாம்பல் நிறக் கட்டத்தை இயந்திரம் தயாரானதும் ஒன்று, அரை மணி கழித்து ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்று அடித்து, ஒவ்வொன்றின் பின்புறமும் நேரத்தையும் அறையின் வெப்பநிலையையும் பென்சிலால் எழுதுங்கள். மூன்றையும் வரிசையாக வைத்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். சிறிது சிறிதாகச் சாய்ந்தால் வெப்பம். முதல் படத்திலிருந்தே ஒரே அளவு சாய்வு என்றால் லேசருக்கு வயதாகியிருக்கலாம், அல்லது நிறச் சரிக்கட்டல் தவறியிருக்கலாம். ஒரு படம் நன்றாக, அடுத்த படம் மோசமாக, மறுபடி நன்றாக என்று தாவினால் இணைப்பு முனைகளையும், லேசர் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஒலியலைப் படிகத்தின் மின்பலகையையும் சந்தேகியுங்கள்.

வெப்பம் ஏன் முதலில் நீலத்தைத் தின்கிறது? நியோடிமியம் கலந்த ஒரு படிகத்துக்குள் 808 நானோமீட்டர் ஒளியைச் செலுத்துகிறார்கள். அதிலிருந்து 1064 நானோமீட்டர் ஒளி பிறந்து, இன்னொரு படிகத்தில் அலைநீளம் பாதியாகி, 532 நானோமீட்டர் பச்சையாக வெளிவரும். 946 நானோமீட்டர் அதேபோல 473 நானோமீட்டர் நீலமாகும். அந்த 808 ஒளியைத் தரும் டயோடு ஒரு டிகிரி சூடானால் அதன் அலைநீளம் ஏறக்குறைய 0.3 நானோமீட்டர் நகரும். பத்து டிகிரிக்கு மூன்று நானோமீட்டர். முதல் படிகம் உறிஞ்சிக்கொள்ளும் அலைவரிசையோ மிகக் குறுகியது. ஒளி அதைத் தாண்டிப் போய்விடும். நீலத்துக்கு வழிவிடும் 946 மாற்றம் படிகத்தின் சூட்டுக்கு இன்னும் கூச்சம் காட்டும் வகை. அதனால்தான் நீலம் முதலில் வாடுகிறது, பச்சை பின்னால் வருகிறது, நேரடியாக டயோடிலிருந்தே வரும் சிவப்பு கடைசி வரை தாக்குப்பிடிக்கிறது.

இந்தச் சூட்டைப் பிடித்து நிறுத்துவதுதான் அந்தப் பீங்கான் தகட்டின் வேலை. பெல்டியர் தகடு என்று அதற்குப் பெயர். இரண்டு உலோகங்களின் இணைப்பு வழியே மின்சாரம் போனால் ஒரு முனை குளிர்வதை 1834ல் பிரான்சின் ழான் பெல்டியர் கண்டார். 1838ல் லென்ஸ் என்ற அறிவியலாளர் பிஸ்மத்தும் ஆன்டிமனியும் சேரும் இடத்தில் ஒரு துளி நீரை உறையவைத்து, மின்சாரத்தைத் திருப்பிவிட்டு அதையே உருக்கிக் காட்டினார். வேலைக்கு உதவும் அளவுக்கு அது வளர 1950களில் பிஸ்மத் டெல்லுரைடு குறைகடத்தி வரவேண்டியிருந்தது.

தகடு குளிரை உண்டாக்குவதில்லை. சூட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய சூட்டை மறுபக்கத்திலிருந்து யாராவது எடுத்துப் போகவேண்டும். அதற்குத்தான் அலுமினியத் துடுப்புகளும் விசிறியும். விசிறி நின்றுவிட்டால் வேடிக்கையான ஒன்று நடக்கும். லேசர் சூடாவதைக் கண்ட கட்டுப்பாட்டுப் பலகை தகட்டுக்கு இன்னும் மின்சாரம் கொடுக்கும். குளிர்விக்கும் திறன் மின்னோட்டத்தின் அளவுக்கே ஏறும். தகடு தானாகச் சூடாவதோ மின்னோட்டத்தின் வர்க்கமாக ஏறும். ஒரு கட்டத்துக்குப் பிறகு கூடுதல் மின்சாரம் லேசரைக் குளிர்விப்பதற்குப் பதில் சூடாக்கும். பலகை அதைப் பார்த்து இன்னும் கூட்டும். படம் ஒரு மணி நேரத்துக்கு மெல்ல மெல்லச் சாய்ந்துவிட்டுப் பத்தே நிமிடத்தில் கவிழ்வது இதனால்தான்.

ஆகவே வெளியிலிருந்து உள்ளே போங்கள். லேசர் பகுதியின் காற்றுப் போக்கிக்கு முன்னால் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடியுங்கள். விசிறி சுற்றுகிறதா என்று கேட்காதீர்கள், காகிதம் நிமிர்ந்து படபடக்கிறதா என்று பாருங்கள். சுற்றும் விசிறி எல்லாம் காற்றுத் தள்ளாது. அனவ்ரதா சாலைப் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் விசிறி நன்றாகத்தான் சுற்றியது. காற்று நுழையும் வழியில் போட்டோ காகிதப் பெட்டிகள் ஆறு அடுக்கியிருந்தன. "இடமில்லை தம்பி, வேறு எங்கே வைப்பது?" என்றார் உரிமையாளர். பெட்டிகளை எடுத்துச் சாமி படத்துக்குக் கீழே அடுக்கினோம். நாற்பது நிமிடத்தில் கோட்டு கறுப்பாகிவிட்டது. அன்று நான் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை; கூலி கேட்கத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அதன் பிறகு அலுமினியத் துடுப்புகளின் இடுக்கு. ஊதுபத்திப் புகையும் பஞ்சும் சேர்ந்து அங்கே கம்பளிபோல ஒரு படலம் கட்டும். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, காற்று வழக்கமாகப் போகும் திசைக்கு எதிராக ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் விசிறி வெறித்தனமாகச் சுற்றி, அதன் தாங்கி (பேரிங்) போய்விடும்.

இதற்கும் தீரவில்லையென்றால் வெப்ப உணரியின் இணைப்பு முனை. இந்த உணரிகள் பெரும்பாலும் 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டுபவை. சூடேறினால் ஓம் குறையும், டிகிரிக்குச் சுமார் 400 ஓம். முனையில் பச்சைக் களிம்பு பிடித்து 800 ஓம் கூடினால், லேசர் உண்மையில் இருப்பதைவிட இரண்டு டிகிரி குளிர்ந்திருப்பதாகப் பலகை நம்பிவிடும். அந்த அளவுக்குக் குளிர்விப்பதைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரத்தை முழுதாக நிறுத்திவிட்டு, முனையைக் கழற்றி, ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

தகட்டையே சோதிக்கவேண்டிய நிலை வந்தால் (அது பழகியவர் கையில் கழன்ற பிறகு) மல்டிமீட்டரின் ஓம் அளவை அப்படியே நம்பாதீர்கள். தகட்டின் இரு பக்கமும் சூட்டில் வேறுபட்டால் அது தானே மின்னழுத்தம் உண்டாக்கும். 1821ல் சீபெக் கண்டது அது. அந்த அழுத்தம் ஓம் அளவைக் குழப்பிவிடும். மேசையில் அரை மணி கிடக்கவிட்டு, முனைகளை மாற்றிப் பிடித்து இரண்டு தடவை அளந்து, சராசரியை எடுங்கள். கடைகளில் கிடைக்கும் 40 மில்லிமீட்டர் சதுரமான 12706 வகைத் தகடு ஏறக்குறைய இரண்டு ஓம் காட்டும். புதிதாக இருந்தபோது காட்டியதைவிடப் பத்து சதவீதம் கூடியிருந்தால் உள்ளே ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள். மின்சாரம் போய்ப் போய் வருவதால் சூடும் குளிரும் மாறி மாறி அந்தப் பற்றுகளைத்தான் வதைக்கின்றன.

எனக்குப் பிடித்த சோதனை வேறு. மில்லிவோல்ட்டில் மீட்டரை வைத்து, தகட்டின் ஒரு பக்கத்தை உலோகத்தின் மேல் வைத்து, மறுபக்கம் உள்ளங்கையை அழுத்துங்கள். எண் நகரத் தொடங்கும். கையை எடுத்தால் இறங்கும். தகட்டின் தொடர் அறுந்திருந்தால் உருப்படியான எண் எதுவும் வராது. துடுப்பில்லாமல் வெறும் தகட்டுக்கு 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். சில நொடிகளில் ஈயப்பற்று உருகிவிடும்.

மாற்றி மாட்டும்போது வெப்பப் பசையை வெண்ணெய்போல அப்பவேண்டாம். உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்குப் பூசினால் போதும்.

மாலையில் நீலம், மறுநாள் காலையில் மஞ்சள்

இது நோயன்று, வைத்தியத்தால் வந்த நோய். மாலையில் சூடேறிச் சாய்ந்த இயந்திரத்துக்கு நிறச் சரிக்கட்டல் செய்திருக்கிறீர்கள். சோர்ந்த நீலத்துக்கு ஈடாக இயந்திரம் அளவைக் கூட்டிவைத்தது. இரவில் ஆறிய லேசர் காலையில் முழு வலிமையோடு எழுந்தது. மேலே சொன்ன வெப்ப வேலைகளை முடித்து, இயந்திரம் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு ஒரே ஒரு தடவை சரிக்கட்டுங்கள்.

கறுப்பு வெளிறுகிறது, கறுப்பின் ஓரம் வெள்ளைக்குள் கசிகிறது

மழைக்கால நோய் இது. மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை எனக்கு வேறு வேலையே இருக்காது.

தெருவில் "மீ லாப்பி!" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள், மின்சாரம் வந்துவிட்டது. அடுத்த தடவை போவதற்குள் பாஸ்போர்ட் படங்களை முடித்துவிடவேண்டும் என்ற அவசரத்தில் முதலில் மினிலேப்பைப் போடுகிறோம். ஏசியைப் பிறகு போடலாம் என்று விடுகிறோம், இரண்டும் சேர்ந்தால் மின்னழுத்தம் சரிகிறது அல்லவா. அறை 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றில் 26 டிகிரிக்குக் கீழே உள்ள எதன் மேலும் பனி படியும். பெல்டியர் தகடோ சில நிமிடத்தில் லேசரை 25 டிகிரிக்கு இழுத்துவிடும். பழைய இயந்திரங்களில் பெட்டியின் ரப்பர் விளிம்பு காய்ந்து இறுகியிருக்கும். ஈரக்காற்று உள்ளே போயிருக்கும். இனி என்ன, ஜிலுஜிலு என்று தண்ணீர் வைத்த டம்ளரின் வெளிப்புறம்போல லென்ஸ் வியர்க்கும். ஒளி சிதறும். கறுப்புக்குப் போகவேண்டிய ஒளி பக்கத்து வெள்ளையில் விழும்.

இயந்திரத்தை நிறுத்துங்கள். ஏசியை மட்டும் ஓடவிட்டு, சுவரில் மாட்டிய ஈரமானி 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வரை காத்திருங்கள். பொதுவாக முக்கால் மணி ஆகும். வாடிக்கையாளருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள். முடியுலர்த்தியால் ஊதுவது, துணியால் துடைப்பது இரண்டும் கூடாது. ஈரமான பூச்சைத் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும்.

காய்ந்த பிறகும் கசிவு அப்படியே இருந்தால் லென்சில் பூஞ்சை. சிலந்தி வலைபோன்ற இழைகள் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது.

கோடு

கோட்டைப் பார்த்ததும் முதல் கேள்வி: காகிதம் ஓடும் திசையிலா, குறுக்கிலா?

ஓடும் திசையில் நீளமாக, வெளிறிய கோடு என்றால் அசையாத ஏதோ ஒன்றின் மேல் தூசி. எங்கே என்பதைக் கோடே சொல்லிவிடும். லேசர் கதிர் பல முகங்கள் கொண்ட சுழல் கண்ணாடியில் பட்ட பிறகுதான் இடவலமாக வீசுகிறது. அதற்கு முன்னால் கதிர் ஒரே இடத்தில் நிற்கிறது. அங்கே தூசி விழுந்தால் படம் முழுவதும் மங்குமே தவிர கோடு வராது. எனவே கோடு வந்தால் தூசி சுழல் கண்ணாடிக்குப் பின்னால்தான். கோட்டின் ஓரம் கூர்மையாக இருந்தால் தூசி காகிதத்துக்கு அருகில், பெரும்பாலும் கடைசி ஜன்னல் கண்ணாடியில். ஓரம் மங்கலாக இருந்தால் இன்னும் உள்ளே. ஜன்னல் கண்ணாடியை இயந்திரம் நின்ற நிலையில் லென்ஸ் காகிதத்தால் நீங்களே துடைக்கலாம். உள்ளே இருப்பதை வேண்டாம்.

மஞ்சளோ சியானோ ஒரு நிறத்தில் கோடு வந்தால் படத்தைச் சாய்த்து விளக்குக்கு எதிரே பிடியுங்கள். பள்ளம் தெரிந்தால் உருளை கீறியிருக்கிறது, ஒளிக்கு இதில் பங்கில்லை.

குறுக்குக் கோடுகள் நேரத்தோடு சம்பந்தப்பட்டவை: சுழல்வது, உருள்வது, மின்னழுத்தம். அளவுகோலை எடுத்து இடைவெளியை அளங்கள். அங்குலத்துக்கு 300 வரி எழுதும் இயந்திரத்தில் ஒரு வரி 0.085 மில்லிமீட்டர். ஆறு முகக் கண்ணாடி என்றால் அதே முகம் அரை மில்லிமீட்டருக்கு ஒரு தடவை வரும். பூதக்கண்ணாடியில் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் வரிவரியாகத் தெரிந்தால் ஒரு முகத்தில் கைரேகையோ கறையோ இருக்கிறது. இடைவெளி பெரியதென்றால் 3.14ஆல் வகுங்கள்; 63 மில்லிமீட்டர் என்றால் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையைத் தேடவேண்டும். ஒழுங்கே இல்லாமல் வந்தால் ஜெனரேட்டரைக் கேளுங்கள்.

முகங்களைப் பற்றி ஒரு பழைய கதை. 1969ல் நியூயார்க் மாநிலத்தின் வெப்ஸ்டரில், ஜெராக்ஸ் ஆய்வகத்தில் கேரி ஸ்டார்க்வெதர் லேசர் அச்சை முயன்றபோது அவரை வாட்டியது இந்த முகங்கள்தான். ஒரு முகம் மயிரிழை சாய்ந்திருந்தாலும் அதன் வரி மேலோ கீழோ விலகிவிடும். அந்த அளவு துல்லியமாகக் கண்ணாடி கடைந்தால் விலை எங்கோ போய்விடும். ஓர் உருளை வடிவ லென்சை வைத்து, முகம் சாய்ந்தாலும் கதிர் அதே வரியில் வந்து விழும்படி செய்துவிட்டார். 1977ல் ஜெராக்ஸ் 9700 என்ற லேசர் அச்சு இயந்திரம் சந்தைக்கு வந்தது. துடைக்கும்போது அந்த நீளமான லென்சை ஒரு நூல் நகர்த்திவிட்டால், அவர் தீர்த்துவைத்த தொல்லை உங்கள் கடைக்குத் திரும்பி வந்துவிடும். கண்ணுக்கு அது வெறும் கண்ணாடிக் கம்பி. பலர் அலட்சியமாகப் பிடித்து ஆட்டுகிறார்கள்.

சாதாரண லேசர் பிரிண்டருக்கும் திசைக் கணக்கு இதேதான். கார்ட்ரிட்ஜை மாற்றியும் அதே இடத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் ஒளிப்பாதை. 75 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் உருளையில் கீறல். பக்கம் முழுதும் கறுப்பென்றால் டிரம்முக்கு மின்னேற்றம் ஏறவில்லை. முழுதும் வெள்ளை என்றால், சிரிக்காதீர்கள், புதிய கார்ட்ரிட்ஜின் நாடாவை உருவினீர்களா என்று பாருங்கள்.

சுழல் கண்ணாடி தயாராகவில்லை என்று பிழை காட்டி நிற்கிறது

கண்ணை மூடிக் கேளுங்கள். நல்ல கண்ணாடியின் ஒலி மெல்லத் தொடங்கி ஏறி ஒரே சுருதியில் நிலைக்கும். ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் மின்னழுத்தம் போதவில்லை. ஸ்டெபிலைசரின் வெளியீட்டை, இயந்திரம் ஓடும்போது, அளந்து பாருங்கள். கிறீச்சென்றால் தாங்கி. அதற்கு எண்ணெய் விடக்கூடாது. சுழலும் வேகத்தில் எண்ணெய் சிதறி லென்சுகளில் படியும். சுருதி சரியாக நிலைத்த பிறகும் பிழை வந்தால் வரியின் தொடக்கத்தைக் கண்டறியும் சிறிய ஒளி உணரிக்குக் கதிர் எட்டவில்லை. மழைக்காலம் என்றால் மேலே சொன்ன பனியை முதலில் நினையுங்கள்.

பெல்டியர் குளிர்ப்பெட்டி

இதையும் என்னிடம் கேட்கிறார்கள். மின்சாரம் இல்லாதபோது 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெட்டியில் போட்டோ காகிதம் வைக்கலாமா, வீட்டுப் பெரியவரின் இன்சுலின் வைக்கலாமா? இந்தப் பெட்டிகள் வெளி வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி வரைதான் குறைக்கும். திஞ்சான் தண்ணீர்த் திருவிழாச் சமயத்தில் வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே 18க்குக் கீழே போகாது. காகிதத்துக்கு அது தாராளம். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். அதற்கு ஐஸ் பொதி வைத்த பெட்டியும் உள்ளே ஒரு வெப்பமானியும்தான். ஐஸ் மருந்தில் நேரடியாகப் படாமல் நடுவில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். உறைந்த இன்சுலின் உதவாது.